கழுவிய வலைகள்

பேசாலைக் கரையில் நண்பகல் வெயில் எரிக்கிறது. பழைய வலைகளை மறுபடி நூலாக்கலாம், ஈயத்தையும் மிதவையையும் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவித் தாருங்கள் என்று கேட்டது பிரதேச சபைதான், பிள்ளைகளே. மீனவப் பெண் ஜெசிந்தா, குடிக்கிற தண்ணீரை ஊற்றி மூன்று மாதமாகக் கழுவிய வலைகள் சபையின் உழவு இயந்திரப் பெட்டியில் கிடக்கின்றன. அவற்றின்மேல் சாரதி மீன்குடல் சாக்கைக் கவிழ்க்கிறான். இரத்தத் தண்ணீர் கண்ணி கண்ணியாக இறங்குகிறது. "டேய் தம்பி, என்ன செய்யிறாய்?" என்று அவள் கத்துகிறாள். "எல்லாம் ஒரே குப்பைக் கிடங்குக்குத்தானே அக்கா போகுது. நூலாக்க வலை எடுக்கிறதைப் போன வருசமே நிப்பாட்டிப்போட்டினம்." ஜெசிந்தா பாவாடையைச் சொருகிக்கொண்டு, சக்கரத்தில் கால்வைத்துப் பெட்டிக்குள் ஏறுகிறாள். குடலுக்கு நடுவே, வலையை இறுக்கிப் பிடித்தபடி குந்துகிறாள். ஈக்கள் அவள் முகத்தில் மொய்க்கின்றன. "கிடங்குக்கு வேண்டாம், சபைக் கந்தோருக்கு விடு. கழுவச் சொன்ன துரைமார் ஒருக்கா மணந்து பாக்கட்டும்."