காயாத தரை

ஒழுங்கை முனையில் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்டதுமே ஜெனீற்றா நீளக் கம்பு பூட்டிய ரோலரை வாளியில் தோய்த்தாள். கராஜின் உள்மூலையில் தொடங்கி வாசல்வரை பின்பக்கமாக நடந்தபடியே இழுத்து வந்தாள். வாசலுக்குக் குறுக்கே நைலோன் கயிற்றைக் கட்டி, அதில் எழுதிய மட்டை ஒன்றைத் தொங்கவிட்டாள்: "பூச்சுக் காயவில்லை. மூன்று நாளைக்குக் கால் வைக்க வேண்டாம்."

லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் புது வலை குவிந்திருந்தது. புருசனின் தமையன் யாக்கோப்பு இறங்கி வந்தார். முதலில் சாமானை இறக்கி வைத்துவிட்டுப் பிறகு கேட்கிற மனிதர் அவர். வாடைக் காற்றும் தொடங்கிவிட்டது. இப்போது வலை உள்ளே போனால் தை பிறக்கும்வரை அசையாது.

ஆனால் வெள்ளிக்கிழமை ஊர்காவற்றுறையிலிருந்து சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. வருகிறார். தரை அவருக்குப் பிடித்தால்தான் ஜெனீற்றாவும் இன்னும் ஐந்து பெண்களும் இந்தக் கராஜில் நண்டு உடைத்துப் பொதி செய்யலாம். இந்த முறை தவறினால் அவர் திரும்ப எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது.

"என்ன பிள்ளை, மேசன் வேலையும் பழகியிட்டீரோ?"

"ஓம் அத்தான். போனில பாத்துப் பழகினனான்."

யாக்கோப்பு சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருசன் டெனிஸ்ரன் வாடகைக்கு ஓடிய வான் விட்டுப்போன ஒயில் கறையை நாலு நாளாக முழங்காலில் நின்று உரஞ்சியவள் அவள். சலவைச் சோடாவும் கம்பித் தூரிகையும் பட்டு விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடந்தது. கடல் மணலில் போட்ட கொங்கிறீற்று, கழுவக் கழுவ வெள்ளையாக உப்புப் பூத்தது. அதையும் அவள் விடவில்லை.

"இதென்ன இப்பிடி மினுங்குது?"

"சீலர் எண்டு ஒரு பூச்சு. காய்ஞ்சுதெண்டால் நண்டுத் தண்ணியும் ஊறாது, உப்பும் பூக்காது. காயுமட்டும் பசை மாதிரி ஒட்டும்."

"சரி, கயிற்றை அவிழும். வலையை ஒரு மூலையில போட்டிட்டுப் போறன்."

"ஏலாது அத்தான்."

அந்தக் குடும்பத்தில் யாக்கோப்பின் முகத்துக்கு நேரே அந்தச் சொல்லை இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

"டெனிஸ்ரனிட்டக் கேட்டிட்டுத்தான் வந்தனான். கட்டாரில இருந்து அவன் ஓம் எண்டு சொன்னவன்."

"அவர் ஓம் எண்டால் கட்டாரில வைக்கட்டும். இது என்ர சீதன வீடு."

மதிலில் இருந்த காகம் ஒன்று இறங்கி, கயிற்றுக்குக் கீழால் புகுந்து, தரையில் இரண்டு தரம் அலகை வைத்து எடுத்தது. ஜெனீற்றா ரோலர்க் கம்பை ஓங்கி அதைக் கலைத்தாள்.

"ஒரு மூலையில வைக்கிறதால என்ன வந்திடப் போகுது?" யாக்கோப்பின் குரல் ஏறியது.

ஜெனீற்றா தானே போய்க் கயிற்றின் ஒரு நுனியை அவிழ்த்துவிட்டாள். "வையுங்கோ. ஒட்டினால் வலையை வெட்டித்தான் எடுக்கோணும். பிறகு என்னில பிழை சொல்லாதேங்கோ. நம்பிக்கையில்லாட்டி முதல்ல காலை வைச்சுப் பாருங்கோ."

யாக்கோப்பு செருப்பைக் கழற்றினார். பெருவிரல் தரைக்கு மேலே வந்து நின்றது. ஜெனீற்றா கண்ணை அவர் முகத்திலிருந்து எடுக்கவில்லை. அவர் திரும்பித் தன் வலையைப் பார்த்தார். இன்னும் கடல் காணாத வலை.

கால் பின்னுக்குப் போய்ச் செருப்புக்குள் புகுந்தது.

"மூண்டு நாளோ?"

"மூண்டு நாள். அதுக்குப் பிறகு பி.எச்.ஐ. வருவார். அவருக்குப் பிறகு நண்டு வரும். உங்கட வலைக்கு இங்க இடம் வராது, அத்தான்."

"பொம்பிளையளுக்கு வாய் கூடிப்போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே யாக்கோப்பு ஏறிப் போனார். லாண்ட்மாஸ்ரர் புளியங்கூடல் றோட்டில் ஏறி, சத்தம் அடங்கும்வரை ஜெனீற்றா வாசலை விட்டு அசையவில்லை.

பிறகு கயிற்றை மறுபடி இறுக்கிக் கட்டினாள். கவிழ்த்து வைத்த மீன்பெட்டியில் உட்கார்ந்து, யாழ்ப்பாணத்து இரும்புக் கடைக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, அந்தச் சீலர் இண்டைக்காவது பஸ்ஸில வருமோ? வெறும் தண்ணி எவ்வளவு நேரத்துக்கு மினுங்கும்?"