பதினோராவது பக்கம்

"மேடம், உங்க சர்வரோட முழு நகல், அந்த விர்ச்சுவல் மெஷின் பேக்கப், எங்க கிளவுட்ல பத்திரமா இருக்கு. எண்பதாயிரம் ரூபா கட்டிட்டு இறக்கிக்குங்க," என்றான் பிரசன்னா போனில். துபாயில் இருக்கும் கிளவுட் கம்பெனியின் மேனேஜர்.

காரைக்காலில் ஜஸீலா நடத்தும் உம்ரா டிராவல்ஸில் லினக்ஸ் சர்வர் எரிந்துபோய் மூன்று நாளாகிறது. அடுத்த வாரம் உம்ராவுக்காக மக்கா கிளம்பவேண்டிய அறுபது பேரின் விவரங்கள் மொத்தமும் அந்த பேக்கப்பில்தான் இருக்கின்றன.

"இலவசம்னுதானே சொன்னீங்க?"

"ஏத்துறது இலவசம் மேடம். இறக்குறதுக்குத்தான் காசு."

"எங்க பொருளை எங்களுக்கே விக்கிறீங்களா? ஒத்தப் பைசா தர மாட்டேன்."

அவன் சிரித்தான். "அப்ப ஒப்பந்தத்துல பதினோராவது பக்கத்தைப் பாருங்க. உங்க ஆளு நேர்ல வந்தா ஹார்ட் டிஸ்க்ல இலவசமாப் போட்டுத் தருவோம். இதுக்காகக் காரைக்கால்லேருந்து துபாய்க்கு யாரு வரப் போறா?"

"அதைப் படிச்சிட்டுத்தான் போன் பண்ணுறேன். அனுமதிக் கடிதம் உங்க மெயில்ல இருக்கு. எங்க ஆளும் வந்தாச்சு."

"எங்க? ரிசப்ஷன்ல யாரும் இல்லையே?"

"காலையில உங்களுக்குக் கேட்டைத் திறந்துவிட்டாரே, செக்யூரிட்டி ஜவஹர் அலி, அவரு எங்க வாப்பா. பத்து வருஷமா அங்கதான் நிக்கிறாரு. நாளைக்கு லீவுல ஊருக்கு வர்றாரு."

பிரசன்னா எழுந்து ஜன்னல் வழியே கேட்டைப் பார்த்தான்.

"டிஸ்க்கை வாசல்ல வெச்சு நீட்டாதீங்க. உள்ள கூப்பிட்டு, உக்கார வெச்சுக் குடுங்க. இன்னிக்கு அவரு உங்க கஸ்டமர்."