புது மூக்கு

மாமனாரின் சட்டைக் காலரை மருமகன் மூன்றாவது முறையாக முகர்ந்து பார்த்தார். "சந்தேகமே இல்ல மாமா. நாத்தம் உங்ககிட்டேருந்துதான் வருது."

மாமனார் கூனிக்குறுகிப் போனார். முப்பது வருடம் வெயிலில் தபால் சுமந்தபோதுகூட யாரும் அவரை இப்படிச் சொன்னதில்லை. போதாக்குறைக்கு இந்த வாரம் தினமும் மூன்று வேளை குளித்து ஜலதோஷம் வேறு.

மருமகன் சோப்புத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். பத்து வருடமாக வாசனையே தெரியாமல் அந்த வேலையை ஓட்டியவருக்கு, மூன்று வாரத்துக்கு முன்புதான் சைனஸ் ஆபரேஷன் நடந்தது. புண் சீக்கிரம் ஆற, தானாகக் கரைந்துபோகும் ஸ்டென்ட் ஒன்றை மூக்கில் ஒரு பக்கம் மட்டும் வைத்துச் சோதிக்கிறார்கள். மறுபக்கம் பழைய வைத்தியம்தான். எந்தப் பக்கம் எது என்று சொல்லமாட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் வரச்சொல்லி நர்ஸ் இரண்டு முறை போன் செய்தாள். "தானா கரையறதுக்கு நான் எதுக்கு வந்து நிக்கணும்?" என்று மருமகன் போனை வைத்துவிட்டார்.

"நாத்தம் எனக்கும் வருதுங்க," என்றாள் மகள். "ஆனா காலைல நீங்க வேலைக்குக் கிளம்பினதும் போயிடுது."

"அப்பதானே உங்கப்பா லைப்ரரிக்குப் போறார்?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. மாமனாருக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. சின்ன மகள் வீட்டுக்குப் போய்விடுவதென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைக் கட்டினார். நாலு மணிக்குப் பஸ். போகிற வழியில் மருமகனுக்கு டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது; மாமனாரும் பெட்டியோடு உள்ளே போய் உட்கார்ந்தார்.

டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "வலது பக்கம் பிரமாதம். ஸ்டென்ட் முழுசா கரைஞ்சு புண் ஆறிடுச்சு."

இடது பக்கம் பார்த்ததும் அவசரமாக மாஸ்க்கை ஏற்றிக்கொண்டார். இடுக்கியை விட்டு இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்த துணிப்பட்டை வந்தது. நர்ஸ் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள்.

"இது பழைய வைத்தியத்துல அடைக்கிற துணி, கரையாது சார். இதை எடுக்கத்தான் மூணாம் நாள் வரச்சொன்னோம்."

மாமனார் எழுந்து வந்து, மருமகனின் சட்டைக் காலரை நிதானமாக முகர்ந்து பார்த்தார். பிறகு பெட்டியை அவர் கையில் கொடுத்தார்.

"நாலு மணிக்குப் பஸ், மாப்பிள்ளை."