பச்சை உல்லன்

எங்கள் கல்லூரியின் சகோதரியர் சங்கத்தில் புதிதாகச் சேரும் பெண்ணிடம் உல்லன் நூலின் ஒரு முனையைக் கொடுப்பார்கள். சங்கத்துப் பெண்கள் தங்கும் வீடெல்லாம் வளைந்து போகும் அதைப் பந்தாகச் சுற்றிக்கொண்டே போனால், மறுமுனையில் அவளுக்கு அக்காவாக வாய்த்த சீனியர் நிற்பாள். கிளம்பும்போது இரண்டு முறை இழுக்க வேண்டும். அக்காவும் இரண்டு முறை இழுப்பாள்.

என்னுடைய பச்சை நூல் துணி துவைக்கும் அறையில் முடிந்தது. அங்கே ட்ரூடி நின்றாள்.

“ஏய் ஆமை, கை மரத்துப்போச்சுடி!” என்று கட்டிக்கொண்டாள்.

அந்த வருடம் முழுக்க அவள்தான் எனக்குத் தலை பின்னிவிட்டாள். கோடையில் மிச்சிகன் ஏரியில் நீந்தப் போனவள் கரையேறவில்லை. அந்தப் பந்து இன்னும் என் தையல் பெட்டியில் இருக்கிறது.

இப்போது என் மகள் பெய்ஜ் அதே சங்கத்தில் சேர்ந்திருக்கிறாள். நேற்று மாலை போன் செய்தாள்.

“அம்மா, எனக்கும் பச்சைதான்! என் அக்கா செம ஜாலி. என்னைப் பாத்ததுமே ஆமைங்கறா. உன்னைத் தெரியுமாம்.”

“பேர் என்ன?”

“உங்கம்மாகிட்டயே கேளுன்னு சொல்லிட்டா.”

தையல் பெட்டியைத் திறந்தேன். பந்து பாதியாக இளைத்திருந்தது. நூல் பின்கதவின் அடியில் நுழைந்து, புல்வெளியைத் தாண்டிப் போயிருந்தது.

இரண்டு முறை இழுத்தேன். உடனே பதில் வந்தது. ட்ரூடிக்குக் காத்திருக்கவே பிடிக்காது.

ஷூவை மாட்டிக்கொண்டு, நூலைச் சுற்றியபடியே கிளம்பினேன்.