ஏழாம் கேள்வி

சோப்பும் பால் பாக்கெட்டும் கல்லாவுக்கு வந்துவிட்டன. கேக் பற்றிய பேச்சு மட்டும் வரவில்லை.

ஆபீசர் காத்திருந்தாள்.

அம்மா வைத்த பெயர் அது. குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், மூன்று வருஷமாகியும் ஒரு ஆபீஸ் நாற்காலியைக்கூடத் தேய்க்கவில்லையே என்ற வயிற்றெரிச்சலில் வைத்தது.

இப்போது பார்ப்பது வேவு வேலை. வாடிக்கையாளர் மாதிரி கடைக்குள் போக வேண்டும். எதையாவது வாங்க வேண்டும். வெளியே வந்து ஃபோனில் பதினோரு கேள்விகளுக்குப் பதில் அனுப்ப வேண்டும். தரை சுத்தமா, சிரித்தார்களா, நன்றி சொன்னார்களா. பொருளாதாரத்தில் பட்டம் வாங்கியதற்கு இந்த மட்டும் பிரயோஜனம்.

வருகிற காசு அம்மாவின் பல்லுக்கு. முன்பல் நான்கும் போன பிறகு, வெளியாள் யாராவது பேச்சுக் கொடுத்தால் அம்மாவின் கை தானாக வாய்க்குப் போய்விடும். பல் செட்டுக்கு இன்னும் ஒரே ஒரு கடைதான் தேவைப்பட்டது. அது இந்தக் கடை.

ஏழாம் கேள்வி இது: குளிர்கால ஆரஞ்சு கேக்கை வாங்கும்படி கல்லாவில் இருப்பவர் உங்களிடம் சொன்னாரா?

இல்லை என்று போட்டால், கல்லாவில் இருப்பவரைத் தூக்கிக் கிடங்கில் போடுவார்கள், மூட்டை நகர்த்த. ஆம் என்று பொய் எழுதி மாட்டிக்கொண்டால், எழுதியவளின் வேலை போய்விடும். வேலைக்குச் சேரும்போதே இரண்டையும் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

கல்லாவில் இருந்தவளுக்கு அம்மாவைவிட ஒன்றிரண்டு வயது குறைவாக இருக்கலாம். வலது முழங்காலில் பட்டை கட்டியிருந்தாள். உடம்பின் பாரத்தை மேசைமேல் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே கேக் பெட்டிகள் தங்க நிற ரிப்பனோடு கோபுரமாக நின்றன.

கேட்டுத் தொலையேன் என்று ஆபீசர் மனசுக்குள் சொன்னாள்.

பொறுக்க முடியாமல் ஒரு பெட்டியைத் தானே கையில் எடுத்தாள். வேண்டுமா என்று ஒரு வார்த்தை விழுந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு ஆம் போட்டுவிடலாம்.

அந்தப் பெண்மணி சோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தொண்டைக்குள்ளேயே பேசினாள்.

"வெச்சிடு கண்ணு. உள்ள காஞ்சி கெடக்கு, பாதி காசு அந்தப் பெட்டிக்குத்தான். படிச்ச புள்ள மாதிரி இருக்க, ரிப்பனப் பாத்தா ஏமாறுவ?"

ஆபீசர் வைத்துவிட்டாள்.

வெளியே வரும்போது அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. இந்த நல்ல மனசை இவளிடம் யார் கேட்டது? எதிரில் நிற்பது யார், என்ன என்று பார்த்துப் பேசக் கூடாதா?

சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் நின்று ஆறு கேள்விகளை ஒரே மூச்சில் முடித்தாள். ஏழில் கட்டைவிரல் நின்றது.

அந்த முழங்காலை வைத்துக்கொண்டு மூட்டை நகர்த்த முடியாது.

ஆம்.

விவரம் எழுதவும் என்றிருந்தது. கேக் ரொம்ப நன்றாக இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு முறை சொன்னார் என்று எழுதினாள். பொய் என்று ஆன பிறகு அதில் என்ன கஞ்சத்தனம்.

மூன்றாம் நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கம்பெனியின் கடிதம் ஃபோனில் வந்தது.

கேக் வேண்டாம் என்று அந்தப் பெண்மணியைச் சொல்ல வைத்ததே கம்பெனிதான். ஆபீசர் வருகிற நேரத்தையும் அடையாளத்தையும் முன்கூட்டியே கொடுத்திருந்தது. வேவு பார்க்கிறவர்கள் உள்ளதை உள்ளபடி எழுதுகிறார்களா என்று வேவு பார்ப்பதற்கு.

ஆபீசருக்குக் காது சுட்டது. கண்ணு என்றதும் நடிப்பு. முழங்கால் பட்டையைக்கூடக் கம்பெனியே வாங்கிக் கொடுத்திருக்கும். பக்கத்தில் அம்மா நின்றதால் வாய்வரை வந்த கெட்ட வார்த்தையைத் தண்ணீரோடு கொப்பளித்துத் துப்பினாள்.

கடிதம் இன்னும் இருந்தது.

ஆபீசர் அனுப்பிய பதிலைக் காட்டி, அந்தப் பெண்மணியிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். அவள் தன் கைப்பட எழுதிக் கொடுத்ததைப் படமெடுத்து இணைத்திருந்தார்கள். பேனா அழுத்தி எழுதிய, கோணல் கோணலான நான்கு வரி.

நீங்கள் சொல்லச் சொன்னதை நான் மறந்துவிட்டேன். கேக் நன்றாக இருக்கும், எடுத்துக்கொள் என்றுதான் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். அந்தப் பெண் எழுதியது உண்மை.

ஆபீசர் அதை மறுபடி படித்தாள். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் படித்தாள்.

கல்லாவுக்கு மேலே இருந்த கேமரா பேச்சையும் பிடித்திருந்தது. ஆகவே இரண்டு பேருக்கும் வேலை இல்லை என்றது கடிதம். பேசி வைத்துக்கொண்டு செய்த காரியம் என்பதில் கம்பெனிக்குத் துளியும் சந்தேகமில்லை. விசாரணையை முடித்துக் கோப்பை மூட, ஆபீசர் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் அனுப்ப வேண்டும்.

அந்தப் பணியாளர் உங்களுக்கு என்ன உறவு?

கீழே பட்டியல் இருந்தது. தாய், சகோதரி, அத்தை, சித்தி, மாமியார், தோழி. யாருமில்லை என்ற ஒன்று மட்டும் அதில் இல்லை.

பல் டாக்டரிடம் இந்த வாரமா, அடுத்த வாரமா என்று அம்மா கேட்டாள். கொஞ்சம் தள்ளிப்போகும் என்றாள் ஆபீசர்.

சித்தி என்பதைத் தொட்டு, அனுப்பினாள்.