சிஸ்டரின் அழுகுணி ஆட்டம்

பகடையில் விழுந்தது மூன்று. சிஸ்டர் நகர்த்தியது ஐந்து.

தையற்கடைக்காரம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சந்தேகமே இல்லை. கழுத்தில் சிலுவை, இடுப்பில் ஜெபமாலை, ஆடுவது அழுகுணி ஆட்டம்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் சிவப்புக் காய் பாவம், லூடோ அட்டையை முக்கால்வாசி சுற்றி வந்திருந்தது. சிஸ்டர் அதைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

"வெட்டிட்டேன்," என்றார், கூச்சமே இல்லாமல்.

"சரி சிஸ்டர்," என்றாள் அந்தப் பெண்.

தையற்கடைக்காரம்மா லூடோ பார்க்க வரவில்லை. கடைக்கு ஆள் தேடி வந்திருந்தார். போக்கிடம் இல்லாத பெண்பிள்ளைகளைச் சேர்த்து, தொழில் சொல்லிக்கொடுத்து, வேலைக்கும் அனுப்பி வைக்கிற கன்னியர் இல்லம் அது. இந்தப் பெண் தைத்த சட்டைக் காலரைப் பார்த்ததுமே அவருக்கு ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடலாம் போலிருந்தது.

"காலையில ஒன்பது மணிக்கு வரட்டும். சாயந்தரம் ஆறு மணிக்கு டாண்ணு அனுப்பிடறேன்."

சிஸ்டர்தான் பிடி கொடுக்கவில்லை. "இவ இன்னும் தயாராகலைம்மா."

"தையல் இவ்வளவு சுத்தமா இருக்கு. இதுக்கு மேல என்ன தயாராகணும்?"

"இதுக்கு முன்னாடி ஒரு வீட்ல வேலைக்கு இருந்தா. விடியறதுக்கு முன்னாடி எழுப்பி, நடுச்சாமம் வரைக்கும் வேலை வாங்கியிருக்காங்க. ஒரு நாள்கூட முடியாதுன்னு சொன்னதில்லை. மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்தப்புறம்தான் எங்களுக்கே தெரியும்."

"அடப்பாவமே," என்றார் தையற்கடைக்காரம்மா. நிஜமாகவே மனசு கஷ்டப்பட்டது. கஷ்டப்பட்ட அதே மனசு, முடியாது என்று சொல்லத் தெரியாத பெண் என்பதையும் குறித்து வைத்துக்கொண்டது. "எனக்கும் இப்படி வாயில்லாப் பூச்சியா ஒண்ணுதான் வேணும் சிஸ்டர். முன்னாடி இருந்தவ ஒண்ணு சொன்னா பத்து திருப்பிச் சொல்லுவா. இன்னிக்கே முடிவு சொல்லலைன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்தாள். அந்த வேலைக்கு அவள் எவ்வளவு ஏங்கினாள் என்று கண்ணே சொன்னது. வாய்தான் திறக்கவில்லை.

"ஒரு ஆட்டம் ஆடிட்டுச் சொல்றேம்மா," என்று சிஸ்டர் லூடோ அட்டையை விரித்தார். அப்படி ஆரம்பித்ததுதான் இந்த ஆட்டம்.

மறுபடி பகடை உருண்டது. இரண்டு. "ஆறு," என்று அறிவித்துவிட்டு, ஆறு போட்டவர் போல இன்னொரு தடவையும் உருட்டினார் சிஸ்டர்.

"சிஸ்டர், அது ரெண்டு..." என்று ஆரம்பித்தார் தையற்கடைக்காரம்மா.

"நீங்க சும்மா இருங்கம்மா." குரல் கொஞ்சம் கறாராகவே வந்தது.

நல்ல கதை. திருடுவதோடு சாட்சியையும் மிரட்டுகிறார். போதாக்குறைக்கு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"இதையெல்லாம் ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லுவீங்களா சிஸ்டர்?"

"வாராவாரம் சொல்றேம்மா. அவருக்கே அலுத்துப்போச்சு."

தையற்கடைக்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எதுவும் கேக்காத பொண்ணுங்கிறதுக்காக இப்படியா ஏமாத்தறது? நீங்களே இப்படின்னா நாங்கெல்லாம் எங்க போறது?"

சிஸ்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பகடையை உருட்டினார். நான்கு. ஏழு கட்டம் தாண்டிப் போய், அந்தப் பெண்ணின் கடைசிக் காயின்மேல் கை வைத்தார்.

அந்தப் பெண்ணின் கை பாதி தூரம் வந்து நின்றது. காயைப் பார்த்தாள். சிஸ்டரின் முகத்தைப் பார்த்தாள். ஜன்னலில் சிரிப்புச் சத்தம் அடங்கியது.

"சிஸ்டர்."

"என்ன?"

"அது நாலு." பகடையைச் சுட்டிக் காட்டினாள். "என் காயை இருந்த இடத்துலயே வைங்க. முன்னாடி வெட்டினதையும் குடுங்க. அதுவும் தப்பு."

ஜன்னலில் ஒரே கைதட்டல். சிஸ்டர் அட்டையைத் தாண்டி எட்டி, அவளைக் கட்டிக்கொண்டார். பிடிபட்டதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளைத் தையற்கடைக்காரம்மா பார்த்ததே இல்லை.

"வேலைக்குச் சேத்துக்குங்கம்மா. இவ தயார்."

தையற்கடைக்காரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் வந்த காரியம் முடிந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நாளைக்கு ஏழு மணிக்கே வந்துடு கண்ணு. அவசர ஆர்டர் ஒண்ணு இருக்கு. திரும்பறதுக்கு ராத்திரி முன்னப்பின்ன ஆகும்."

"ஒன்பது மணிலேருந்து ஆறு மணின்னு சொன்னீங்களேம்மா," என்றாள் அந்தப் பெண். மரியாதையாகத்தான் சொன்னாள்.

தையற்கடைக்காரம்மா மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை. நல்லவேளை, அசட்டுச் சிரிப்பு ஒன்று வந்து அவரைக் காப்பாற்றியது.

"சரி தாயே, ஒன்பது மணிக்கே வா. என்ன சிஸ்டர், இத்தனை நேரம் தலையாட்டிக்கிட்டிருந்த பொண்ணுக்குத் திடீர்னு வாய் எங்கேருந்து வந்துச்சு?"

சிஸ்டர் காய்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"என் அழுகுணி ஆட்டத்தைப் பிடிச்சு, என்னையே தட்டிக் கேக்கற வரைக்கும் இந்த வீட்லேருந்து எந்தப் பொண்ணையும் நான் வேலைக்கு அனுப்பறதில்லைம்மா."