ஸ்பிரிங் தொட்டில்

தொட்டில் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. நளினி கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டு, மூச்சை அடக்கி ஆட்டங்களை எண்ணினாள்.

உள்ளே குழந்தை தூங்கியது. அந்தத் தூக்கம்தான் அவளுக்குப் பயம். எழுப்பிப் பால் கொடுத்தாலும் இரண்டு வாய் இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

திங்கட்கிழமை கிளினிக். அதற்குள் எடை ஏறாவிட்டால் காத்திருக்காமல் மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடச் சொல்லியிருந்தார் தாதி.

ஏறியதா என்று பார்க்க, பக்கத்து வீட்டில் அவள் இரவல் வாங்கிய தராசைக் கணவன் யுகேந்திரன் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டான். எலுமிச்சம்பழம் கட்டாமல் லாரியை மெர்லிமாவ் ஊரெல்லையைத் தாண்டவிடாத ஆள்.

“கிளினிக்ல நிறுக்கட்டும்லா. வீட்டுல பிள்ளைய நிறுத்தா கண்ணு பட்டுரும்.”

இயற்பியல் டியூஷன் எடுப்பவளுக்குத் தராசு எதற்கு? ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொட்டிலில் போட்டு ஆட்டி, ஸ்பிரிங்கின் விறைப்பைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். பாரம் கூடினால் ஆட்டம் மெதுவாகும். போன வாரம் கிளினிக்கிலிருந்து வந்ததும், அவனுக்குத் தெரியாமல் ஆட்டிப் பார்த்தாள். தாதி சொன்ன எடையே வந்தது.

மேசையில் திருத்த வேண்டிய தாள்கள் கிடந்தன. சுழலும் தட்டின்மேல் களிமண் உருண்டை விழுந்தால் வேகம் எவ்வளவு குறையும் என்பது கேள்வி. பாதிப் பேர் களிமண்ணையே சேர்க்கவில்லை. மேலே உட்கார்ந்ததை மறந்துவிட்டாய் என்று சிவப்பு மையில் எழுதி எழுதி அவளுக்குக் கை ஓய்ந்திருந்தது.

ஒரு தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். நேரத்தை வர்க்கமாக்கி, விறைப்பால் பெருக்கி, வகுத்து, துணியின் எடையைக் கழித்தாள். நம்பிக்கையில்லாமல் மறுபடியும் போட்டாள்.

முந்நூறு கிராம் ஏறியிருந்தது.

வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. திங்கள் வரை பொறுக்கலாம். நளினிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஏறிய எடையைக் கையில் ஏந்திப் பார்க்கும் ஆசையில் பிள்ளையைத் தூக்கினாள்.

கைக்குப் போன வாரத்துப் பாரம்தான் தெரிந்தது.

தொட்டிலின் அடித்துணி இன்னும் தொய்ந்தே கிடந்தது. விரிப்புக்குக் கீழே கையைவிட்டாள். மஞ்சள் துணியில் சுற்றிய பாக்குவெட்டி. காலமான மாமியாருடையது. இரும்பு பக்கத்தில் இருந்தால் காத்துக் கருப்பு அண்டாது என்று யுகேந்திரன் வைத்திருக்கிறான், அவளுக்குத் தெரியாமல்.

அதை வெளியே எடுத்துவிட்டு, பிள்ளையைக் கிடத்தி ஒருமுறை இழுத்துவிட்டாள். தொட்டில் விறுவிறுவென்று ஆடியது. கைப்பேசி தேவைப்படவில்லை.

யுகேந்திரன் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தான். ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் பாக்குவெட்டியுமாக அவள் வந்து நின்றதும் அவன் முகம் வெளிறிப்போனது. அதை ஏன் எடுத்தாய் என்று கேட்டான்.

“காடிய எடுங்க. இப்பவே.”